சோடாவுக்கு உண்ணிக் காய்ச்சல்

தயாளா,

இந்தக் காகிதத்தில் எழுத்துகள் மேலேறியும் கீழிறங்கியும் போவதைப் பார்த்து அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று நினைக்காதே. பேனாவை இறுக்கிப் பிடிக்கிறேன், அவ்வளவுதான். "ஐயா, அது பேனா, கடப்பாறை இல்ல, மெதுவாப் பிடிங்க" என்று எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சரம்மா தினமும் சொல்கிறார். இரும்பு உருக்குகிற ஃபவுண்டரியில் இடுக்கி பிடித்துப் பழகிய கை, மெதுவாகப் பிடித்தால் நழுவிவிடும் என்று அதற்குப் பயம். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகிறது. ஆனால் எழுதிய வரியைத் திரும்பப் படிக்கும்போது, இதை நான்தான் எழுதினேனா என்று எனக்கே சிரிப்பு வருகிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு மிச்சம் இருந்தது தெரியாமலே போயிருப்பேன். கோணல்மாணலைப் பொறுத்துக்கொண்டு படி.

அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிற கடிதம் இல்லை இது. பயத்தில் எழுதுகிறேன். சோடாவுக்கு உடம்பு சரியில்லை. நீ ஓசூரிலிருந்து போன் செய்து "சோடா எப்டிப்பா கீறான்" என்று கேட்கும்போதெல்லாம் "அவனுக்கு இன்னா, ராஜா மாதிரி கீறான்" என்று சொல்லிவந்தேன். உன் குரலைக் கேட்டால் என் வாய் தானாக நல்லதைச் சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அது முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி எழுதும்போது பொய்க்குக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் உண்மையைக் கேள். அவன் பிழைப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. அம்மாவின் வருஷத் தெவசத்துக்கு நீங்கள் வரும்போது பாப்பாவை இந்த வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிறந்ததிலிருந்து என் பேத்தி இந்த மேனாம்பேட்டு வாசலை மிதிக்கவில்லை, எப்போது வருவாள் என்று நான் எப்படிக் காத்துக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே வேண்டாம் என்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஓ.டி. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து சோடாக் கடையில், காலிப் பாட்டில் கிரேட்டுக்குள் கிடந்த நாய்க்குட்டியை நீ சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தாய். பேர் வைத்தது நீ, பெருமையடித்துக்கொண்டது நான், வளர்த்தது உன் அம்மா. சாயங்காலம் வேலையெல்லாம் முடிந்தபின் அவனை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு காது மடலைப் புரட்டுவாள், கால் விரல்களைப் பிரிப்பாள், கழுத்துப் பட்டையைக் கழற்றி அதன் அடியில் தடவுவாள். நீயும் நானும் என்ன கிண்டல் செய்தோம். "இன்னாம்மா, அவனுக்குப் பேன் பாக்குறியா, ஜடை பின்னி வுடேன்" என்று நீ கேட்பாய். அவள் உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சுகிறாள் என்றுதான் நாம் நினைத்தோம். அவள் போன பிறகு நான் அவனுக்குச் சோறு போட்டேன், வாசலுக்கு அழைத்துப் போனேன், தலையைத் தடவினேன். அந்த ஒரு வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை. அப்படி ஒரு வேலை இருந்ததே எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியத்தன்று அம்மா படத்தை உன் மாமன் எத்திராசுதான் ஆணியில் மாட்டினான். மாலை போட்டு, குட்டி விளக்குச் சரத்தையும் சுற்றிவிட்டு, "மாமா, வருஷம் திரும்புற வரைக்கும் பட்த்த ஆணிலேர்ந்து எறக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றான். அவர்கள் வீட்டு வழக்கம். நீயும் பக்கத்தில்தான் நின்றாய். அன்றிலிருந்து சோடா அந்தப் படத்துக்குக் கீழேதான் படுப்பான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். "அண்ணே, அக்காவ நெனச்சிகினு அங்கியே கெடக்குது பாரு, அத்த எழுப்பாத" என்று பக்கத்து வீட்டு டிபன் கடை தேவகி சொன்னாள். எனக்கும் மனது இளகிவிட்டது. அம்மாவின் பழைய புடவை ஒன்றை மடித்து, அடியில் ஒரு சாக்கையும் போட்டு, அதையே அவன் இடமாக ஆக்கினேன். அந்த மூலையைப் பெருக்கும்போதுகூடத் துடைப்பத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். நாயின் துக்கத்தைக் கலைக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு.

வெயில் ஏறத் தொடங்கியதும் அவன் சொறிய ஆரம்பித்தான். முதலில் தெள்ளுப்பூச்சி என்று நினைத்தேன். இரண்டும் வேறு, தயாளா. தெள்ளுப்பூச்சி கறுப்பாக, தட்டையாக இருக்கும், பிடிக்கப்போனால் துள்ளிவிடும். வாலடி முதுகில் ரோமத்தைப் பிரித்துப் பார்த்தால் மிளகுத்தூள் சிந்தின மாதிரி கிடக்கும். அதை ஈரப் பஞ்சில் வைத்தால் சிவப்பாகக் கரையும். அது நாயின் ரத்தம், பூச்சி குடித்துக் கழித்தது. உண்ணி துள்ளாது. பிடித்த இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு நிதானமாக ஊதும். சோடாவின் காதுக்குள் விரலை விட்டேன். சாம்பல் நிறத்தில் கொத்தாக உட்கார்ந்திருந்தன. அன்று முதல் என் உடம்பிலும் ஏதோ ஊர்கிறது. வேட்டியை உதறாமல் கட்டுவதில்லை.

எத்திராசிடம் சொன்னேன். நசரத்பேட்டையில் எருமை வைத்திருக்கிறவன், அவனுக்குத் தெரியாத உண்ணியா என்று நினைத்தேன். மறுநாளே ஒரு பாட்டிலோடு வந்துவிட்டான்.

"எங்க எருமைக்கு இத்தான் ஊத்துறோம் மாமா. மறுநாளு பாத்தா கொட்டிக் கெடக்கும்."

"நாயிக்கு ஊத்தலாமா மச்சான்?"

"எருமையே தாங்குது, இதுக்கு இன்னா ஆவப்போவுது?"

அவன் எருமைக்குக் கலக்குகிற மாதிரியே கலக்கி முதுகில் தேய்த்தான். நானும்தான் பிடித்துக்கொண்டேன். எருமை தன் முதுகை நக்காது, நாய் நக்கும். கொஞ்ச நேரத்தில் சோடாவின் வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. பின்னங்கால் வெட்டி வெட்டி இழுத்தது. எழுந்து நின்று, நின்றபடியே சரிந்தான். குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கழுவினோம், துணியில் சுற்றி ஆட்டோவில் ஆவடி ரோட்டுக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார். "மாட்டு மருந்தை நாய்க்குத் தொடாதீங்க. நாய்க்கு மாத்திரை இருக்கு, எடை பார்த்துத்தான் தரணும். ரெண்டு வாரம் இவன் தேறட்டும், கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. உன்னிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் கால் இழுத்ததைப் பார்த்தபின் மருந்து என்று யாராவது சொன்னாலே அவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இனிமேல் மாத்திரையும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், அம்மா செய்த மாதிரி கையாலேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவள் உண்ணி எடுக்கிற சின்ன இடுக்கியைத் தேடி எடுத்து தினமும் உட்கார்ந்தேன். என் கண்ணுக்கு அவ்வளவு தெரியவில்லை. இன்று சுத்தமாக எடுத்தால் நாளை அதே காதில் அதே கொத்து. எங்கிருந்து வருகின்றன என்று புரியவில்லை. தெருவிலிருந்து வருகின்றன என்று அவனை வாசலுக்கே விடாமல் உள்ளே கட்டினேன். அந்தப் படத்துக்குக் கீழேதான் கட்டினேன்.

பிறகு ஒருநாள் சோற்றை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேவகி கொண்டுவந்த ஆட்டுக்கால் எலும்பையும் அப்படியே. உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. மறுநாள் காலை அவன் படுத்திருந்த புடவையில் ரத்தம். மூக்கிலிருந்து சொட்டியிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவனைத் தூக்கும்போது அவன் தலை என் தோளில் நிற்கவில்லை, தொங்கியது. உன் அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கியதும் இதே கைதான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது உள்ளே ஒரு கிருமியை விட்டுவிடுமாம். ரத்தத்தை உறையவைக்கிற அணுக்களை அது தின்றுகொண்டே போகுமாம், அதனால்தான் மூக்கில் ரத்தம். நான்கு வாரம் விடாமல் மாத்திரை. பால், தயிரோடு கொடுக்கக் கூடாது, வெறும் வயிற்றிலும் கூடாது. இதைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல எங்க படுப்பான்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஐயா, நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான், மிச்சம் வீட்டுல இருக்கு. ரத்தம் குடிச்சு முடிச்சதும் அது நாயை விட்டு இறங்கிச் சுவர்ல ஏறும். இருட்டான இடுக்கு தேடி முட்டை போடும். தரையை மட்டும் பார்க்காதீங்க, மேல பாருங்க. ஆணியில மாட்டின எதையும் விடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சாக்கைக் கொளுத்தினேன். புடவையைக் கொதிநீரில் போட்டேன். சுவர் விரிசலில் சிமெண்ட் பூசினேன். காலண்டர், கண்ணாடி, கடிகாரம், சாவி மாட்டும் பலகை எல்லாவற்றையும் இறக்கி வெயிலில் வைத்தேன். மருந்தடிக்கிற ஆள் வந்தபோது சோடாவை மாடிப்படியில் கட்டிவைத்தேன். தேவகி வீட்டில் விடலாமா என்று கேட்டதற்கு, "நாய வுடுண்ணே, கூட வர்ற சொந்தக்காரங்களுக்கு எங்க ஊட்ல எடம் இல்ல" என்றாள். மருந்தடிக்கிற ஆள் அம்மா படத்தருகே வந்ததும் "இத்த எறக்கணுமா பெரியவரே?" என்று கேட்டான். "அத்த வுட்டுடுப்பா, வருஷம் திரும்பல" என்றேன். அவனும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான். நான் ஈரத்துணியால் கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடைத்தேன். ஆணியில் மாட்டின எதையும் விடாதே என்று டாக்டரம்மா சொன்னபோது, அம்மாவை ஆணியில் மாட்டின சாமான்களில் ஒன்றாக என் மனது கணக்கில் எடுக்கவே இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். தரையில் உட்கார்ந்து டீச்சரம்மா கொடுத்த பாடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அலுத்துப்போய்த் தலையைத் தூக்கினேன். சுவரில் ஆமணக்கு விதை மாதிரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் குடித்துக் கனத்த உடம்பு, அதனால் மெதுவாக ஏறியது. எந்தப் பக்கமும் திரும்பவில்லை, வழி தெரிந்த மாதிரி நேரே போயிற்று. மாலையின் நுனியைத் தொட்டது, ஏறியது, படத்துக்குப் பின்னால் போய்விட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். படத்தின் இரண்டு பக்கமும் கை வைத்தேன், தூக்க வரவில்லை. அப்போது தேவகி குழம்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"அண்ணே, இன்னா பண்ற? எறங்கு மொதல்ல. எத்திராசு பாத்தா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடும்."

"உண்ணி உள்ள பூந்துச்சி தேவகி. கண்ணால பாத்தேன்."

"பல்லியா இருக்கும்."

"இத்தினி நாளா ஊடெல்லாம் தேடுனேன், இங்க மட்டும் தேடல. நீ ஸ்டூலப் புடி."

அவள் முனகிக்கொண்டே பிடித்தாள். நான் உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு தூக்கினேன். படம் மறைத்திருந்த சுவர் நீளச் சதுரமாக, பழைய சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. அந்தச் சதுரம் அசைந்தது. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை தயாளா, சுவரே அசைவது போல இருந்தது. பெரியது, சின்னது, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குஞ்சு. சட்டத்தின் இடுக்கிலும், பின்பக்க அட்டை ஒட்டின காகிதத்தின் அடியிலும் கசகசாவைக் கொட்டின மாதிரி முட்டை. துக்கத்தில் படுத்திருக்கிறான் என்று நாம் எல்லோரும் கண்ணீர் விட்ட இடத்தில், தலைக்கு மேலே அவை குடும்பம் நடத்தியிருக்கின்றன. நான் அந்த இடத்தில்தான் அவனைக் கட்டிவைத்தேன். தேவகி வாயைப் பொத்திக்கொண்டு வாசல்வரை பின்னால் போனாள். பிறகு, "நிக்காதண்ணே, நான் போய் வெந்நி வைக்கிறேன்" என்று ஓடினாள்.

தெருவில் வெயிலில் வைத்துப் படத்தைப் பிரித்தோம். அட்டையையும் மாலையையும் கொளுத்தினோம், சட்டத்தின் மேல் கொதிநீரைக் கொட்டினோம். கண்ணாடிக்குள் இருந்த அம்மாவின் போட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து எத்திராசு வந்து சேர்ந்தான்.

"இன்னா மாமா இது, எங்க அக்காவத் தெருவுல கொணாந்து போட்டுகீற? வருஷம் முடியறதுக்குள்ள அவ்ளோ அவசரமா?"

தேவகிதான் பதில் சொன்னாள். "கத்தாத. உள்ள போயி செவுத்தப் பாத்துட்டு வந்து கத்து."

போனான். வெளியே வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். "ஒரு எறும்பு கடிச்சாலே தெருவக் கூட்டும் எங்கக்கா. இத்தினியும் முதுவாண்ட வச்சிகினு பல்லக் காட்டிகினு இருந்துச்சே மாமா" என்றான். தேவகி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன் மாமன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் நான் சிமெண்ட் பூசின கரண்டியை எடுத்து அந்தச் சுவரை அவனே சுரண்டினான். செங்கல் தெரிகிற வரைக்கும் விடவில்லை.

இப்போது அம்மாவின் படம் சுவரில் இல்லை. வீட்டு நடுவே ஒரு இரும்பு ஸ்டூலில் நிற்கிறாள், ஸ்டூலின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில். வெல்ல டப்பாவுக்கு எறும்பு வராமல் வைப்போமே, அந்த மாதிரி. "அக்காவுக்கு அகழி வெட்டிகீறாரு" என்று தேவகி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். முட்டைகள் எங்கேயாவது மிஞ்சியிருக்கும், அவை வாரக்கணக்கில் பொரிந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப மருந்தடிக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அவை மனிதரையும் கடிக்கலாமாம், எப்போதாவது. அந்த எப்போதாவது என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. தவழ்கிற பிள்ளை தரையையும் தடவும், சுவரையும் தடவும், கையில் எது கிடைத்தாலும் வாயில் வைக்கும். அவள் கழுத்து மடிப்பில் ஒன்று உட்கார்ந்திருந்தால் என் கண்ணுக்குத் தெரியுமா?

அதனால் தெவசத்தை நசரத்பேட்டையில் எத்திராசு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அவனிடம் பேசிவிட்டேன். அங்கேயும் எருமைக் கொட்டகைப் பக்கம் பாப்பாவை விட வேண்டாம். தெவசத்துக்கு முன்னால் அம்மாவின் போட்டோவை எடுத்துப்போய்ப் புதுச் சட்டம் போட்டு, அங்கேயே நேராகக் கொண்டுவர எத்திராசிடம் சொல்லியிருக்கிறேன். நான் வந்ததும் பாப்பாவைத் தூக்கவில்லையே என்று மருமகள் கவிதா தப்பாக நினைக்கக் கூடாது, சொல்லிவை. முதலில் குளித்துவிட்டு, எத்திராசின் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்துதான் தூக்குவேன்.

சோடாவை ஓசூருக்குக் கூட்டிப்போவதாக முன்பு சொன்னாயே, அவன் பிழைத்தால் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்தவனுக்கு மறுபடியும் வரலாம். நீ வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, அவனைத் தடவிப் பார்ப்பதையும் அன்றாடப் பழக்கமாக்கு. காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில், வால் அடியில், பட்டைக்குக் கீழே. கண்ணை நம்பாதே, விரலை நம்பு. உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழு. நகத்தால் நசுக்காதே, அம்மா அப்படிச் செய்ததில்லை. ஸ்பிரிட் ஊற்றிய மூடியில் போடு. மாதத்துக்கான மாத்திரையை அவனை எடைபோட்டு டாக்டர் கொடுத்தால் தவறாமல் கொடு. யாராவது அன்பாக ஒரு பாட்டிலை நீட்டினால், உன் மாமனாகவே இருந்தாலும், கை நீட்டாதே. என்னை மாதிரி ஒரு பயத்துக்குப் பயந்து இன்னொன்றில் போய் விழவும் வேண்டாம். அவன் எங்கேயாவது விடாமல் படுத்துக்கிடந்தால் முதலில் அந்த இடத்தைப் பெருக்கு, மேலே அண்ணாந்து பார், அதற்கப்புறம் மனது இளகலாம்.

இன்று காலை ஈறைப் பார்த்தேன். நேற்றைவிடக் கொஞ்சம் சிவப்பாக இருக்கிற மாதிரி தெரிந்தது. வாசலுக்குத் தூக்கிப்போய் வெளிச்சத்தில் பார்த்தால் அப்படி இல்லை. தேவகியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் சிவப்பு என்கிறாள். அவள் எனக்காகச் சொல்கிறாளோ என்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள். அணுக்கள் ஏறியிருந்தால் தேறிவிடுவான் என்றார் டாக்டரம்மா. ஏறாவிட்டால் என்ன என்று கேட்காமல் மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாத்திரை நேரம் ஆகிவிட்டது. இட்லிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன். முன்பெல்லாம் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் சுத்தமாகத் துப்புவான். இப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொல்லும்வரை கண்ணையே திறப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் பேர் சொல்வதற்கு முன் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

போய்விட்டு வந்து எழுதுகிறேன். திறந்தான். பாதி இட்லியைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் துப்பினான். எடுத்துத் துடைத்து மறுபடியும் வாய்க்குள் வைத்தேன், முறைத்துக்கொண்டே விழுங்கினான். அந்த முறைப்பை வைத்து உனக்கு நல்ல செய்தி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் ஒன்றும் கேட்காதே, நான் ராஜா மாதிரி கீறான் என்று சொல்லிவிடுவேன். ரத்தத்தில் என்ன வருகிறதோ, அதை அப்படியே அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா